மூட்டை கட்டும் முன் விலை பாருங்கள்

மருங்காபுரி பக்கம் கடலை பறித்துக் காயவைத்திருக்கிறீர்களா? விலை சொல்லும் இடங்கள் பல, எல்லாம் ஒன்றல்ல.

அக்மார்க்நெட் தளத்தில் வருவது நடந்து முடிந்த விற்பனையின் விலை, குவிண்டால் கணக்கில். அதில் உச்ச விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். அது ஏதோ ஒரு நல்ல குவியலுக்குக் கிடைத்தது. பெரும்பாலான சரக்கு எந்த விலைக்குப் போனதோ, அந்த 'மோடல்' விலைதான் நமக்கு. தேதியையும் பாருங்கள், பழைய விலையாக இருக்கலாம்.

2016-இல் வந்த இ-நாம், இணைய ஏலம். தரம் பார்த்து விலை கேட்பதால் ஈரக் கடலைக்கு அங்கே மரியாதை குறைவு.

உழவர் சந்தைப் பலகை காய்கறிக்கு. கிலோ கணக்கில் சில்லறை விலை. அதை வைத்து மொத்த வியாபாரியிடம் பேரம் பேசினால் சிரிப்பார்.

சுடச்சுட நிலவரம் வேண்டுமென்றால் மண்டிக்குப் போன்தான். ஆனால் "மூட்டைக்கு எத்தனை கிலோ?" என்று முதலில் கேளுங்கள். 80 கிலோ மூட்டை 5,600 ரூபாய் என்றால் குவிண்டாலுக்கு 7,000. கமிஷன், ஏற்றுகூலி, வண்டி வாடகை கழித்துச் சொல்கிறாரா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இரண்டு மண்டியிலாவது விசாரியுங்கள்.