குழிக்குள் இறக்கிய ஆயுதங்கள்

அன்பு மருமகளுக்கு,

முதலாம் உலகப் போரில் இரண்டு தரப்பும் வருஷக்கணக்காக ஏன் குழிக்குள்ளேயே கிடந்தார்கள் என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. பாடப்புத்தகம் இதை ஒரு வரியில் முடித்துவிடும். நான் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நம் தோட்டமும் இருக்கிறது, நம் சனமும் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் இயந்திரத் துப்பாக்கி. நிமிடத்துக்கு 450 ரவைக்கு மேல் சுடும். அதற்கு முன்னால் வெட்டவெளியில் நிமிர்ந்து நடந்தவன் பிழைக்கவில்லை. அதனால்தான் மண்ணுக்குள் இறங்கினார்கள். குழியை நேராக வெட்டாமல் வளைத்து வளைத்து வெட்டினார்கள். நம் மலையில் கான் வெட்டும்போது, தண்ணீர் ஒரே ஓட்டமாக ஓடி மண்ணை அள்ளாதபடி இடையிடையே தடுப்பு விடுவார்களே, அந்த வேலையைத்தான் அந்த வளைவு செய்தது. ஒரு மூலையில் குண்டு வெடித்தால் அதன் வேகம் அடுத்த மூலையோடு நின்றுவிடும்.

1914 அக்டோபரில் நம் துரைமார் பலர் தோட்டங்களை விட்டுவிட்டு 'சிலோன் பிளாண்டர்ஸ் ரைஃபிள் கோர்' படையில் எகிப்துக்குக் கப்பலேறினார்கள். அடுத்த வருஷம் துருக்கியின் கலிப்போலியில் அவர்களில் சிலர் அன்சாக் (ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படை) தளபதி பேர்ட்வுட்டுக்குக் காவல் நின்றார்கள். அங்கே சில இடங்களில் எதிரியின் குழி சில மீட்டர் தூரத்தில்தான் இருந்தது. தலையைத் தூக்கினால் முடிந்தது. வில்லியம் பீச் என்ற ஆஸ்திரேலியச் சிப்பாய் துப்பாக்கியில் கண்ணாடிகளைப் பொருத்தி, தலையை வெளியே நீட்டாமல் குறிபார்க்க வழி செய்தார். எறிகுண்டு போதாமல், காலி ஜாம் டின்களில் வெடிமருந்தும் இரும்புத் துண்டும் அடைத்து வீசினார்கள். இவ்வளவு செய்தும் பலனில்லை. டிசம்பரில் அன்சாக் படை இருளில் வெளியேறியது.

குழியை வெல்லத்தான் அடுத்தடுத்த ஆயுதங்கள் வந்தன. 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்தின் ஈப்ர் அருகே ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். அது காற்றைவிடக் கனமானது, பள்ளம் தேடி இறங்கும். ஒளிந்திருந்த இடமே மூச்சை முட்டியது. 1916 செப்டம்பர் 15இல் பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் டாங்கி வந்தது, முள்கம்பியையும் குழியையும் தாண்டிப் போவதற்கென்றே.

இனி நம் சனத்துக்கு வருகிறேன். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகக் குடும்பங்கள் பல வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறின. உள்நாட்டுப் போர் வந்ததும், இங்கே கான் வெட்டிய கைகள் அங்கே முற்றத்தில் பதுங்குகுழி வெட்டின. மேலே மரக்குற்றி, அதற்கு மேல் மண்மூட்டை. வானத்தில் அரசின் கிபிர் போர் விமானம் இரையும். ஆளில்லாமல் வட்டமிட்ட வேவு விமானத்தை 'வண்டு' என்றார்கள். 2000இல் ஆனையிறவுப் படைமுகாம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தபின் அரசு வாங்கிய பல்குழல் ரொக்கெட் செலுத்தியில் 40 குழல்கள். அரை நிமிடத்துக்குள் அத்தனையும் பாய்ந்துவிடும், ஓடிப்போய்க் குழிக்குள் இறங்க நேரமிருக்காது.

2009இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளன், முள்ளிவாய்க்கால் கரையில் குழியும் கைவிட்டது. கடல்மணல் சரிந்தது, கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறியது. பெண்கள் தங்கள் சேலைகளைப் பையாகத் தைத்து மணல் நிரப்பிச் சுற்றிலும் அடுக்கினார்கள். இராணுவத்தின் ஷெல் வந்துகொண்டிருந்தது. வெளியேற முயன்றவர்களைப் புலிகள் மறித்தார்கள். கலிப்போலிக் குழியில் இருந்தவன் கையில் துப்பாக்கி இருந்தது. இங்கே இருந்தவள் மடியில் பிள்ளை இருந்தது. போர்க்கருவிகளின் வளர்ச்சி என்று புத்தகத்தில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வேறுபாடுதான் முன்னால் வருகிறது.

இன்று உக்ரைனில் மறுபடியும் குழி வெட்டுகிறார்கள், ட்ரோனுக்குப் பயந்து மேலே வலை கட்டி.

இங்கே நம் வடக்கில், முகமாலையில் வருஷக்கணக்காக முன்னரங்கு ஓடிய நிலத்தில் போர் முடிந்த பின்னும் மிதிவெடிகள் கிடந்தன. அவற்றை எடுக்கும் வேலையில் பெண்களும் சேர்ந்தார்கள், மண்டியிட்டு மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி. மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2017இல்தான் சேர்ந்தது.

பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தால் ஆயுதங்களின் பெயரை மட்டும் வரிசையாக எழுதாதே. ஒவ்வொன்றும் வந்தபோது குழிக்குள் இருந்தவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் சேர்த்து எழுது. துருக்கியின் வரைபடத்தில் கலிப்போலியைத் தேடிக் குறித்து வை.

அன்புடன்,
மாமா