அஞ்சடியில் உட்காருங்கள்

அன்புள்ள டாக்டர் தம்பிக்கு,

சிரம்பானில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். லாபு, சிலியாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களுக்கும் போக வேண்டிவரும். அந்தப் பாதைகளில் பல் தாதியாக அலைந்தவள் நான். அண்மையில் காலமான எங்கள் டாக்டரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். இரங்கல் கூட்டத்தில் அவரைக் கெட்டிக்கார வைத்தியர் என்றார்கள், கலகலப்பானவர் என்றார்கள், மலையேறப் பைத்தியமாய் இருந்தவர் என்றார்கள். மூன்று பேரைப் பற்றிப் பேசியதுபோல் இருந்தது. நான் பார்த்தது ஒரே ஆளைத்தான். அவர் பழகிய பழக்கம்தான் அவருடைய வைத்தியம்.

சிங்கப்பூரில் படித்தவர். கோலாலம்பூரில் பல் மருத்துவப் படிப்பு வந்தது 1972-இல்தான். நினைத்திருந்தால் டவுனிலேயே கிளினிக்கோடு இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமையானால் மனைவி மக்களைக் காரில் ஏற்றிக்கொண்டு செம்மண் சாலையில் தோட்டங்களுக்குப் புறப்பட்டுவிடுவார். பிள்ளைகள் லயத்துப் பிள்ளைகளோடு விளையாடப் போய்விடுவார்கள். இவர் லயத்து வீட்டு முன் திண்ணையான அஞ்சடியில் உட்கார்ந்து வரக்காப்பி குடித்தபடி மண்டோரிடமும் கிராணியிடமும் கதை பேசுவார். அவர் மனைவி, எங்கள் அக்காள், உள்ளே பெண்களோடு இருப்பார். ஆண் டாக்டரிடம் வாயைத் திறக்கக் கூச்சப்பட்ட கிழவிகள் அவரிடம்தான் முதலில் சொன்னார்கள், காரம் பட்டால் எரிகிறது என்று, வாய் முன்போல் அகலமாகத் திறக்கவில்லை என்று. அந்த இரண்டும் எவ்வளவு பெரிய சேதி என்பது உங்களுக்குத் தெரியும். வெற்றிலையோடு மெல்லும் பாக்கினால் கன்னம் உள்ளே இறுகத் தொடங்கியதன் அடையாளங்கள் அவை.

விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, வெறும் வயிற்றில் ரப்பர் பால் வெட்டப் போனவர்களுக்கு வெற்றிலைதான் பசியையும் தூக்கத்தையும் அடக்கியது. சிலர் புகையிலையோடு கன்னத்தில் அதக்கியபடியே தூங்கினார்கள். 1993–94-இல் நாடு முழுக்க நடந்த வாய் ஆய்வில், புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்கள் இந்தியர்களிடமே அதிகம் இருந்தன. 1997 முதல் சுகாதார அமைச்சும் தோட்டங்களைத் தேடி வந்து வாயைச் சோதிக்கத் தொடங்கியது. டாக்டருக்கு அது ஆறுதலாக இருந்தது. அதற்கு வெகு காலம் முன்பே அவர் டார்ச் லைட்டோடு திரிந்தவர்.

சுரண்டினாலும் போகாத வெள்ளைப் படலத்தை விடாதீர்கள். சிவந்த திட்டு அதைவிடப் பொல்லாதது. 2 வாரத்தில் ஆறாத புண் எதுவானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். போனார்களா என்று நீங்களே போய்க் கேளுங்கள். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று போகாமல் இருந்து, கட்டி முற்றிய பிறகு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகங்கள் இன்னும் மறக்கவில்லை.

வெற்றிலைப் பையைத் தூக்கி எறி என்று ஒரு பாட்டியிடமும் டாக்டர் சொன்னதில்லை. கல்யாணத்துக்கும் சாமிக்கும் வைக்கிற பொருளைப் பழித்தால் அதோடு பேச்சு முடிந்துவிடும். முதலில் தூங்கப் போகும்போது துப்பிவிடச் சொல்வார், பிறகு புகையிலையை விடச் சொல்வார். அதோடு நீங்கள் நிறுத்தக் கூடாது. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வாலிபப் பையன்களை ரெம்பாவிலுள்ள குனோங் டத்தோவுக்குக் கூட்டிப்போவார். 1997 மே 23-இல் மலேசிய மலையேறிகளான மகேந்திரனும் மோகனதாசும் எவரெஸ்ட் உச்சியில் நின்ற சேதி வந்தபோது, நம் பையன்கள் என்று கிளினிக்கில் இருந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். மலையேறும்போது எந்தப் பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான், எவன் ஒரு பக்கமாகவே மெல்லுகிறான் என்று கவனித்து வைப்பார். திங்கட்கிழமை அவன் கிளினிக் நாற்காலியில் இருப்பான்.

இப்போது நீங்கள் போகிற தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பல் வலிக்கும், அவர்களோடும் உட்காருங்கள். நம் பாட்டிமார் மகன் வீட்டோடு தாமான் குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். அங்கே தோட்டத்தில்போல மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் கிடையாது. வெற்றிலை மட்டும் கூடவே போயிருக்கிறது.

எந்தக் குடும்பம் எந்தத் தாமானுக்குப் போனது என்று டாக்டரின் மனைவிக்கு அத்துப்படி. உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள், கூடவே வந்து வீடுகளைக் காட்டுவதாகச் சொன்னார்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பல் தாதி ஒருத்தி