வாரத்துக்கு ஒரு சின்ன இலக்கு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜனவரி முதல் தேதி எடுத்த தீர்மானம் பொங்கல் வரைகூடத் தாங்காமல் போவது நம்மில் பலருக்கும் பழகிப்போன கதை. "எனக்கு மன உறுதி போதாது" என்று நம்மை நாமே திட்டிக்கொண்டு அதோடு விட்டுவிடுகிறோம். எனக்கென்னவோ, எடுத்துக்கொண்ட அளவில்தான் குறை இருப்பதாகப் படுகிறது. வருடம் ரொம்ப நீளம். இன்று செய்யாவிட்டால் என்ன, இன்னும் பதினோரு மாதம் இருக்கிறதே என்று தோன்றும். நாளோ ரொம்பக் குறுகியது; பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் போதும், அன்றைய திட்டம் கவிழ்ந்துவிடும். வாரத்தில்தான், ஒரு நாள் சறுக்கினாலும் இன்னொரு நாளில் ஈடுகட்ட இடம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம்கூடப் பெரியவர்களுக்கான உடலுழைப்பை வாரக் கணக்கில்தான் சொல்கிறது: மிதமான வேகத்தில் குறைந்தது 150 நிமிடம்.

முதல் வாரம்: எதையும் மாற்றாதீர்கள்

ஒரு 40 பக்க நோட்டு போதும். இந்த வாரம் இலக்கு எதுவும் வேண்டாம். இரவு படுக்கப் போகும் முன் மூன்று வரி எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தேன், வேலை போக மிஞ்சிய நேரம் எங்கே போனது, எதைச் செய்யாமல் விட்டது மனதை உறுத்துகிறது. மொபைலில் கழிந்த நேரத்தை மட்டும் நினைவிலிருந்து எழுதாதீர்கள். செட்டிங்ஸில் அந்தக் கணக்கு இருக்கும், பார்த்து எழுதுங்கள்.

ஏழாம் நாள் இரவு, அந்த மூன்றாவது வரிகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் படியுங்கள். எது திரும்பத் திரும்ப வருகிறதோ, அதிலிருந்துதான் முதல் இலக்கை எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் நாலரை மணிக்கே எழுந்து நடக்கிறார் என்பதற்காக நீங்களும் நடக்க வேண்டியதில்லை.

ஒன்றே ஒன்றை எடுங்கள்

அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இளவயதில் 13 நற்பண்புகளைப் பட்டியலிட்டார். பதின்மூன்றையும் ஒரே மூச்சில் பிடிக்கப் பார்த்தால் கவனம் சிதறும் என்று, வாரத்துக்கு ஒன்றில் மட்டும் கருத்தாக இருந்து, மற்றவற்றை அவற்றின் போக்கில் விட்டார். 13 வாரத்தில் ஒரு சுற்று; வருடத்துக்கு நான்கு சுற்று. சின்ன நோட்டில் சிவப்பு மையால் கட்டம் போட்டு, தவறிய இடத்தில் கறுப்புப் புள்ளி வைத்தார். புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாளே ஓட்டையாகிப்போக, பிறகு தந்தத்தால் ஆன ஏடுகளில் பென்சிலால் குறித்து, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டதாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளும் பண்புதான் அவரை மிகவும் படுத்தியதாம்.

அவருக்கே ஒன்றுதான் என்றால், வேலை, வீடு, பிள்ளைகள் படிப்பு என்று ஓடுகிற நாம் எடுத்த எடுப்பிலேயே நான்கு இலக்கு எழுதுவது நமக்கு நாமே செய்துகொள்ளும் அநியாயம்.

பாதியாக்குங்கள், அதையும் பாதியாக்குங்கள்

"உடம்பைக் குறைக்கணும்", "நிறையப் படிக்கணும்" என்பவை ஆசைகள். செய்தோமா இல்லையா என்று எண்ணிச் சொல்ல முடிந்தால்தான் அது இலக்கு.

அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் தோழி ஒருத்திக்கு மேல்படிப்புக்காகப் படிக்க வேண்டியிருந்தது. "தினமும் ரெண்டு மணி நேரம்" என்று எழுதினாள். காலை, மதியம், இரவு என்று டூட்டி மாறிக்கொண்டே இருக்கும் வேலையில் அது எத்தனை நாள் ஓடும்? ஒரு மணி நேரமாக்கினோம், அரை மணியாக்கினோம், கடைசியில் வாரத்துக்கு நான்கு தடவை, தடவைக்கு 20 நிமிடம் என்று முடிந்தது. "இது ரொம்பக் கம்மியா இருக்குக்கா" என்றாள். கம்மிதான். ஆனால் நைட் டூட்டி முடிந்து கண் எரிகிற நாளிலும் 20 நிமிடம் உட்கார்ந்துவிட முடியும். உங்கள் இலக்கையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும்: வாரத்தின் மிக மோசமான நாளில் இது நடக்குமா?

இன்னொன்று. "ஏழு நாளும்" என்று எழுதவே எழுதாதீர்கள். நான்கு அல்லது ஐந்து என்று எழுதினால், விட்டுப்போகும் நாளுக்கும் கணக்கில் இடம் இருக்கும்.

எப்போது, எங்கே என்பதையும் எழுதுங்கள்

என்ன செய்யப் போகிறோம் என்பதோடு, எப்போது, எங்கே, எப்படி என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவைப்பவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆய்வுகள் வழியே காட்டினார். செய்ய வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து யோசித்தால் சோம்பலே ஜெயிக்கும். முடிவு முந்தைய நாளே எடுக்கப்பட்டிருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை.

கடிகார நேரம் எல்லோருக்கும் ஒத்துவராது. ஷிஃப்ட் வேலைக்காரர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் ஒரு நிகழ்ச்சியோடு முடிச்சுப் போட்டுக்கொள்வது நல்லது. நம் நர்ஸ், பிரிட்ஜில் ஒட்டியிருந்த டூட்டி லிஸ்ட் ஜெராக்ஸின் அடியில் பென்சிலால் இப்படி எழுதினாள்: "டூட்டி முடிஞ்சு, குளிச்சு, டீ குடிச்சதும் ஜன்னலோர நாற்காலி. போன் பெட்ரூம்ல சார்ஜ்ல." டூட்டி எந்த நேரம் மாறினாலும் குளியலும் டீயும் மாறவில்லை.

குறியுங்கள்

கண்ணில் படும் இடத்தில் மாதக் காலண்டர், பக்கத்தில் நூல் கட்டிய பேனா. செய்த நாளில் ஒரு டிக். ஆப் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம். குறிக்கப் போய் ரீல்ஸில் மாட்டிக்கொள்பவர்களுக்குக் காகிதமே மேல்.

ஒரு நாள் விட்டுப்போனால்

பெரும்பாலானவர்கள் கைவிடுவது இங்கேதான். "போச்சு, இனி அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்ற அந்த ஒரு நினைப்பு, தவறிய நாளைவிட அதிகக் கெடுதல் செய்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு பிரபலம். ஒரு பழக்கம் தன்னிச்சையாக ஆக எடுத்த காலம் சராசரியாக 66 நாள். ஆளுக்கு ஆள், பழக்கத்துக்குப் பழக்கம் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபடும் என்று அந்த 12 வாரப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டார்கள். 21 நாளில் எல்லாம் மாறிவிடும் என்று நம்பி ஏமாந்தவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். அதே ஆய்வின் இன்னொரு முடிவு எனக்கு அதைவிட முக்கியம்: எப்போதாவது ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை.

அதனால் விட்டுப்போன நாளுக்குத் தண்டனையாக மறுநாள் இரட்டிப்பாகச் செய்யாதீர்கள். வழக்கமான அளவே போதும்.

ஞாயிறு மாலை ஒரு கால் மணி நேரம்

நோட்டைத் திறந்து இரண்டே கேள்வி. எத்தனை டிக்? தவறிய நாளில் குறுக்கே வந்தது எது? விருந்தாளியா, தூக்கமின்மையா, நேரம் சரியில்லையா என்று பெயர் சொல்லி எழுதுங்கள். "சோம்பேறித்தனம்" என்று மட்டும் எழுதாதீர்கள். அதை வைத்து எதையும் திருத்த முடியாது.

பிறகு, கடந்த சில வார இலக்குகளைச் சேர்த்துப் பாருங்கள். எல்லாமே வேலையும் படிப்புமாக இருந்தால் அடுத்த வாரத்தை உடம்புக்கோ, வீட்டுக்கோ கொடுங்கள். ஒவ்வொரு நாளையும் எல்லாவற்றுக்கும் சம பங்காகப் பிரிப்பது நடக்காத காரியம்; மாதக் கணக்கில் எல்லாவற்றுக்கும் முறை வந்தால் போதும். நைட் டூட்டி வாரங்களில் தோழி படிப்பையே எடுத்துவைத்துவிடுவாள். அந்த வார இலக்கு, பகலில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, போன் இல்லாமல் தூங்குவது. அதுவும் டிக் வாங்கத் தகுதியானதுதான்.

இரண்டு வாரம் தொடர்ந்து சிரமமில்லாமல் நடந்தால் அளவைக் கொஞ்சம் ஏற்றலாம். 20 நிமிடத்தை 25 ஆக்குங்கள், 40 ஆக்காதீர்கள். இரண்டு வாரம் தொடர்ந்து தவறினால் பாதியாக்குங்கள். பாதியாக்கியும் நடக்கவில்லை என்றால், அந்த இலக்கு உங்களுக்காகவா, யாருடைய வாய்க்காகவோ எழுதியதா என்று பாருங்கள். பிறருக்காக எழுதியது என்றால் தயங்காமல் அடித்துவிட்டு, திங்கட்கிழமைக்கு வேறொன்றை எழுதுங்கள்.