நாலு பேர் போடட்டும், பார்க்கலாம்

கொரோனா தடுப்பூசியைப் பற்றி மக்கள் நம்பிய கதைகள் ஒரு பக்கம். தயங்கிய மக்களைப் பற்றி மற்றவர்கள் நம்பிய கதைகள் இன்னொரு பக்கம். இரண்டிலுமே பொய் கலந்திருந்தது.

நம்பிக்கை: படிக்காதவர்கள்தான் ஊசிக்குப் பயந்தார்கள்.

2021 ஜனவரி 16 அன்று தமிழ்நாட்டில் 166 மையங்களில் தடுப்பூசி தொடங்கியது. மையத்துக்கு 100 பேர் என்பது கணக்கு. போட்டுக்கொண்டவர்கள் ஏறக்குறைய 3,000 பேர்தான். அன்று அழைக்கப்பட்டவர்கள் டாக்டர்கள், நர்சுகள், மற்ற சுகாதாரப் பணியாளர்கள். அவர்கள் தயங்கியதில் காரணமும் இருந்தது. ஜனவரி 3-ல் கோவாக்சினுக்கு அனுமதி கிடைத்தபோது அதன் மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவு வந்திருக்கவில்லை. முதல் இடைக்கால முடிவே மார்ச்சில்தான் வெளியானது. முடிவைக் காட்டுங்கள், பிறகு கையை நீட்டுகிறேன் என்பவரை அறியாமைக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

நம்பிக்கை: ஒரே வருடத்தில் வந்த ஊசி, சோதனையே செய்திருக்க மாட்டார்கள்.

செய்தார்கள். பைசர் சோதனையில் 43,000-க்கும் மேற்பட்டவர்கள், கோவாக்சினில் 25,800 பேர். ஒரு கட்டம் முடியும்வரை காத்திராமல் அடுத்ததைத் தொடங்கினார்கள். பலன் தெரியும் முன்பே உற்பத்திக்குப் பணம் போட்டார்கள். மிச்சமானது பெரும்பாலும் காத்திருப்பு நேரம்.

நம்பிக்கை: நடிகர் விவேக் ஊசியால்தான் இறந்தார்.

மக்களுக்குத் தைரியம் சொல்லவே ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் எல்லோர் முன்னிலையிலும் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ம் தேதி மரணம். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் ஒன்று முழுவதுமாக அடைபட்டிருந்தது. அது ஒரே நாளில் உண்டாகும் அடைப்பு இல்லை என்றார்கள் சிகிச்சை தந்த மருத்துவர்கள். ஒன்றிய அரசின் ஆய்வுக் குழுவும் ஊசிக்குத் தொடர்பில்லை என்றே சொன்னது. ஆனால் அந்த அறிக்கை வந்தது அக்டோபரில். ஆறு மாதம் வாட்ஸ்அப் தனியாகப் பேசிக்கொண்டிருந்தது.

நம்பிக்கை: பக்கவிளைவைச் சொன்னால் கூட்டம் கலைந்துவிடும்.

இதை நம்பியவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள். டென்மார்க்கைப் பாருங்கள். அரிதான ரத்த உறைவு காரணமாக, 2021 ஏப்ரலில் அஸ்ட்ராஜெனிகா ஊசியையே (நம் ஊரில் கோவிஷீல்டு) அந்நாடு தன் தடுப்பூசித் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. ஏன் என்பதையும் மக்களிடம் வெளிப்படையாகச் சொன்னது. கூட்டம் கலையவில்லை. அந்த செப்டம்பரில் 50 வயதைத் தாண்டியவர்களில் 95 சதவீதத்துக்கும் மேலானோர் மற்ற ஊசிகளை முழுமையாகப் போட்டு முடித்திருந்தார்கள். இந்தியாவிலும் மே மாதம் கணக்கு வெளிவந்தது: ரத்த உறைவாக இருக்கக்கூடியவை 26 பேருக்கு, பத்து லட்சம் கோவிஷீல்டு டோசுக்கு 0.61. பயத்தைக் குறைக்கக்கூடிய எண் இது. ஊசி போடும் இடத்தில் இதை எழுதி ஒட்டியிருந்தால் என்ன?

நம்பிக்கை: மறுத்தவர்கள் மறுத்தவர்கள்தான்.

"நாலு பேர் போடட்டும், பார்க்கலாம்" என்றவர் மறுக்கவில்லை, தள்ளிப்போட்டார். மே மாத அலையில் ஆக்சிஜனுக்கு அலைந்த கதை தெருவுக்குத் தெரு வந்ததும் அதே ஆட்கள் விடியற்காலையில் வரிசையில் நின்றார்கள். அப்போது ஊசிதான் கையிருப்பில் இல்லை. செப்டம்பர் 12 அன்று 40,000 முகாம்கள் போட்டு 20 லட்சம் பேரை எதிர்பார்த்தது தமிழக அரசு. 28 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போட்டுக்கொண்டார்கள்.

நம்பிக்கை: ஊசி போட்டால் கறி சாப்பிடக்கூடாது, மது தொடக்கூடாது.

கறிக்குத் தடை எதுவும் இல்லை. மது எப்போதுமே நல்லதில்லை, அது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குப் பலர் வராததற்கு இந்த நம்பிக்கையே காரணம் என்று தெரிந்ததும், சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் அவர்களோடு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. அந்த வார முகாமைச் சனிக்கிழமைக்கு, அக்டோபர் 23-க்கு மாற்றினார்.