இப்பன்கட்டுவைக்குப் புறப்படுமுன்

பூண்டுலோயாவிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் நம்மவர்கள் குகைக் கோயிலையும் சிகிரியாவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தம்புள்ளையிலிருந்து கலேவெல பக்கம் சில கிலோமீற்றர் போனால், 2,400 வருஷத்துக்கும் மேல் பழைமையான இப்பன்கட்டுவை ஈமக்காடு இருக்கிறது. குடும்பமாகப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

1. விடியுமுன் கிளம்புங்கள். கம்பளை, கண்டி, மாத்தளை என்று பஸ் மாறிப் போக வேண்டும். கண்டியிலிருந்தே எழுபது கிலோமீற்றருக்கு மேல். போயா நாளைத் தவிருங்கள், தம்புள்ளை பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது.

2. வளைவுகளில் பிள்ளைகளுக்கு வாந்தி வரும். ஒரு தேசிக்காயும் இரண்டு ஷொப்பிங் பையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

3. ரொட்டிக்குத் தேங்காய்ச் சம்பல் வேண்டாம். அந்தப் பக்கத்து வெயிலில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். தேங்காய் சேர்க்காத கட்டைச் சம்பல் தாங்கும். கண்டி தாண்டியதும் சுவெட்டரைப் பைக்குள் வைத்துவிட்டுக் குடையை எடுங்கள்.

4. அவசரமாகப் பார்த்தால் வெறும் கல்லாகத்தான் தெரியும். நிதானமாகப் பாருங்கள். கற்பலகைகளை நிறுத்திப் பெட்டி மாதிரி கட்டி, மேலே ஒரு மூடுகல் வைத்திருக்கிறார்கள். எரித்த சாம்பலையும் எலும்பையும் தாழியில் போட்டு உள்ளே வைத்தார்கள். கூடவே சின்னச் சட்டிகள், மணிகள். 1980களில் தோண்டியபோது கிடைத்த செந்நிறக் கார்னீலியன் மணிகளுக்கான கல் இந்தியாவிலிருந்து வந்தது. அந்தக் காலத்திலேயே கடல் தாண்டி மணி வாங்கியிருக்கிறார்கள்! தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூர் தாழிகளைப் பற்றிப் படித்த பிள்ளை இருந்தால், அங்கே கற்பெட்டி இல்லாமல் தாழியைக் குழிக்குள் இறக்கியதைச் சொல்லி ஒப்பிடச் சொல்லுங்கள்.

5. மூடுகல்லில் உட்கார்ந்து படம் எடுக்க வேண்டாம். நம் தாத்தா பாட்டி சமாதியில் ஏறி உட்காருவோமா? கற்பூரமும் கொளுத்த வேண்டாம், கரி கல்லில் ஏறினால் போகாது.

6. ஓட்டுத் துண்டு, மணி எதையும் பொறுக்காதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அது குற்றம். பொறுக்கியதை வீட்டு அலுமாரியில் வைத்தால் அது எந்தக் குழியில் கிடந்தது என்ற சேதியும் தொலைந்துபோகும்.

7. நம் தோட்டத்திலேயே கான் வெட்டும்போது பழைய தாழியோ அடுக்கிய கல்லோ தட்டுப்பட்டால், மண்வெட்டியை நிறுத்திவிட்டுக் கிராம சேவகருக்குச் சொல்லுங்கள். கழுவிச் சுத்தம் செய்யவே கூடாது. உள்ளே ஒட்டியிருக்கும் மண்தான் ஆய்வுக்கு வேண்டியது.

8. திரும்பும்போது மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் இறங்கலாம். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர் காட்டு வழியே நடந்து இந்தப் பக்கமாகத்தான் மலைக்கு வந்தார்கள். கொள்ளைநோயிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்கு ஒரு மூடுகல்லும் கிடைக்கவில்லை. இதைப் பிள்ளைகளுக்குப் பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள், வீட்டுக்கு வந்தால் டீவிக்கு முன்னால் எங்கே கேட்கப் போகிறார்கள்!

9. பூண்டுலோயாவுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று போகும்போதே கண்டியில் கேட்டு வையுங்கள்.