துரு பிடிக்காது, சரி, தாங்குமா?

“எஸ்.எஸ். போல்ட் போட்டாச்சு சார், இனி ஆயுசுக்கும் கவலையில்லை.” தார், கூர்க்கா ஜீப்புகளை உயர்த்திக்கொண்டு காட்டுப்பாதைக்குக் கிளம்பும் தம்பிகளிடம் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. உங்களையும் குடும்பத்தையும் சுமக்கும் பாடியைச் சேஸியோடு பிணைத்திருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சில போல்ட்டுகள்தான். அதில் போயா பளபளப்புப் பார்ப்பது?

நம்பிக்கை: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் (எஸ்.எஸ்.) பலம்.

போல்ட்டின் தலையைத் திருப்பிப் பாருங்கள். கடையில் கிடைக்கும் எஸ்.எஸ். போல்ட்டில் பெரும்பாலும் ‘ஏ2-70’ என்றிருக்கும். 700 மெகாபாஸ்கல் இழுவிசை வரைதான் அறாமல் தாங்கும் என்று உறுதி. 8.8 தர எஃகு போல்ட் 800 வரை தாங்கும், 10.9 தர போல்ட் 1000 வரை. அறுவதற்கு முன்பே போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடும் என்பதுதான் முக்கியம். ஏ2-70 அப்படி நீள 450 போதும், 10.9-க்கு 900 வேண்டும். சரிபாதி! நீண்ட போல்ட் பிடியை விடும். பிடி விட்டால் பாடி ஆடும், ஆடினால் போல்ட் வளையும், வளைந்து வளைந்து ஒருநாள் முறியும். பாடிக்கும் சேஸிக்கும் நடுவில் உயரக்கட்டை வேறு வைத்திருந்தால் அந்த வளைவு இன்னும் கூடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. எஸ்.எஸ். போல்ட்டில் எஸ்.எஸ். நட்டைப் போட்டு வேகமாக முறுக்கினால், மரையோடு மரை உரசி ஒட்டிக்கொள்ளும். பிறகு முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். துருவுக்குப் பயமென்றால், கம்பெனி போட்ட அதே தரத்தில் துத்தநாகப் பூச்சுள்ள போல்ட்டை வாங்குங்கள்.

நம்பிக்கை: 12.9 போட்டால் இன்னும் நல்லது.

கடினம் கூடினால் ஹைட்ரஜனால் நொறுங்கும் ஆபத்தும் கூடும். மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்துவிட்ட 12.9 போல்ட், முறுக்கிச் சில நாள் கழித்துத் தானாகவே முறியக்கூடும்.

நம்பிக்கை: வண்டியை உயர்த்தினாலே நீள போல்ட் வேண்டும்.

ஸ்பிரிங்கை மாற்றி உயர்த்தினால் பாடி போல்ட்டைத் தொடவே வேண்டாம். பாடிக்கடியில் 50 மி.மீ. கட்டை வைத்தால் மட்டும், அதே 50 மி.மீ. கூடுதல் நீளம்.

நம்பிக்கை: 12 எம்.எம். என்றால் எல்லாம் ஒன்றே.

மரை இடைவெளி 1.25, 1.5, 1.75 மி.மீ. எனப் பல விதம் உண்டு. கையால் சுற்றும்போதே இறுகினால் நிறுத்துங்கள். ஸ்பேனர் போட்டுத் திணித்தால் மரை போய்விடும்.

நம்பிக்கை: முடிந்தவரை முறுக்கு.

இதுதான் நம் பட்டறைகளின் சாபக்கேடு. டயருக்கு லட்சம் கொடுப்பவர்கள், அளவோடு முறுக்க உதவும், சில ஆயிரத்தில் கிடைக்கும் டார்க் ரென்ச்சுக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் பார்க்காத, டார்க் ரென்ச் வைத்திராத பட்டறைக்காரரைப் பாடி போல்ட்டில் கைவைக்க விடாதீர்கள்.