எல்லை கடந்த பணியும் துப்பாக்கியும்

கேள்வி: குற்றவாளியைத் தேடி வெளிமாநிலம் செல்லும் தமிழகக் காவலர் துப்பாக்கி ஏந்தலாமா? – வாசகர், வள்ளூர்

பதில்: ஏந்தலாம். பொது ஊழியர் கடமையின்பொருட்டு ஆயுதம் வைத்திருப்பதற்கு உரிமம் தேவையில்லை என விலக்களிக்கும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, அவ்விலக்கை மாநில எல்லையோடு நிறுத்துவதில்லை. பிடியாணை, அதாவது நீதிமன்றத்தின் கைது உத்தரவு, இன்றியே கைதுசெய்யத்தக்கவரை நாட்டின் எப்பகுதிக்கும் பின்தொடரவும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இடமளிக்கிறது.

ஆனால், சட்டம் தரும் அதிகாரம் அறிமுகமற்ற ஊரில் பாதுகாப்பாகிவிடுவதில்லை. 2017 டிசம்பரில், கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையரைத் தேடி ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துக்குச் சென்ற மதுரவாயல் ஆய்வாளர் பெரியபாண்டியன் குண்டு பாய்ந்து இறந்தார். கொள்ளையர் சுட்டதாக முதலில் கருதப்பட்ட அக்குண்டு, உடன்சென்ற ஆய்வாளரின் துப்பாக்கியிலிருந்து தவறுதலாகப் பாய்ந்தது என்று ராஜஸ்தான் காவல்துறை பின்னர் தெரிவித்தது. நெருக்கடியில் துப்பாக்கியைக் கையாளும் பயிற்சியையும், தேடுதலின்போது உள்ளூர்க் காவலரின் துணையையும் இத்தகைய தனிப்படைகளுக்கு அரசு கட்டாயமாக்க வேண்டும்.